குதிரை வாலைத் தேய்த்தால் காரணத்தைத் தேடுங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் சந்தையில் குதிரை வாங்க வருவோர் சுழி பார்ப்பார்கள். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். வாலைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. வாலடியில் மயிர் முறிந்து, துடைப்பம் போல் சிலிர்த்து நின்றால், அந்தக் குதிரை சுவரிலும் மரத்திலும் வாலைத் தேய்க்கிறது என்று பொருள்.

இதைக் கெட்ட பழக்கம் என்று விட்டுவிடுவது தவறு. தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து புண்ணாகும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் பிராணி குதிரை. சிறு சிராய்ப்பு கூட அதன் உயிருக்கு ஆபத்தாகலாம்.

இடமும் நேரமும் சொல்லும்

அரிப்பு என்பது நோயின் அறிகுறியே. காரணம் தெரியாமல் களிம்பு தடவுவதில் பயனில்லை. குதிரை எந்த இடத்தை, எந்த நேரத்தில் தேய்க்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வாலடியை மட்டும் தேய்த்து, பிடரியைத் தேய்க்காமல் இருந்தால் ஊசிப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். பிடரி, திமில் பகுதி, வாலடி ஆகிய மூன்றையும் தேய்த்து, அதுவும் மாலையிலும் விடியற்காலையிலும் அதிகமானால் கடி ஈக்களே காரணமாக இருக்கலாம். மயிர் மங்கி, அதே லாயத்தில் உள்ள மற்ற குதிரைகளும் சொறிந்துகொண்டால் பேன் பார்க்க வேண்டும். கால்களை ஓயாமல் தரையில் உதைத்தால் அது சொறிப் பூச்சியின் வேலையாக இருக்கக்கூடும்.

ஊசிப்புழு

இப்புழு குதிரையின் பெருங்குடலில் வாழ்கிறது. பெண் புழு ஆசனவாய் வழியே வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் பசை போன்ற திரவத்துடன் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. அந்தப் பசை காயும்போது அரிப்பு எடுக்கிறது. வாலடியில் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் பொருக்கு காணப்படும். 4, 5 நாட்களில் முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடைந்து, சுவர், தீவனத் தொட்டி, தண்ணீர் வாளி எங்கும் உதிர்கின்றன. அவற்றைத் தின்னும் குதிரைக்கு மீண்டும் புழு ஏற்படுகிறது.

முட்டைகள் தோலில் ஒட்டியிருப்பதால் சாணப் பரிசோதனையில் இப்புழு பெரும்பாலும் தெரியாது. காலையில், கழுவுவதற்கு முன், ஒளிபுகும் ஒட்டு நாடாவை ஆசனவாயைச் சுற்றி ஒற்றி எடுத்து கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில், குதிரையின் எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். ஐவர்மெக்டின் மருந்துக்கு இப்புழு கட்டுப்படாத நிலை சில இடங்களில் காணப்பட்டிருக்கிறது; அப்போது வேறு வகை மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மருந்து மட்டும் போதாது. தினமும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் வாலடியைத் துடைத்து, அத்துணியை எரித்துவிட வேண்டும். குதிரை உரசும் சுவரையும் கம்பத்தையும் வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தீவனத்தைத் தரையில் போடக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கடி ஈ

கொசுவைவிடச் சிறியது, 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். குலிக்காய்டிஸ் எனப்படும் இந்த ஈயை நம் ஆடு வளர்ப்போர் வேறு வகையில் அறிவர்: மழைக்காலத்தில் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுவே. எல்லாக் குதிரைகளையும் இது கடித்தாலும், சில குதிரைகளுக்கு மட்டும் அதன் உமிழ்நீர் ஒத்துக்கொள்ளாமல் கடும் அரிப்பு உண்டாகிறது. இத்தன்மை வம்சாவளியாக வரக்கூடியது. ஆகவே ஆண்டுதோறும் இந்த அரிப்பால் அவதிப்படும் குதிரைகளை இனவிருத்திக்குப் பயன்படுத்தாதிருப்பது நலம்.

இதற்கு நிரந்தர மருந்து இல்லை. கடியிலிருந்து காப்பதே வழி. சூரியன் மறைவதற்கு முன்பே குதிரையை லாயத்தில் கட்டி, நன்கு விடிந்த பிறகு வெளியே விட வேண்டும். இந்த ஈக்களுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் வலிமை இல்லை. எனவே லாயத்தில் ஒரு மின்விசிறி சுழன்றால் பெருமளவு தடுக்கலாம். கம்பியைக் குதிரை கடிக்காத உயரத்தில் விசிறியைப் பொருத்த வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண்கள் வழியே இவை நுழைந்துவிடும். நெருக்கமான வலை தேவை. சேறும் சாணமும் கலந்த ஈரத்தில் இவை பெருகுவதால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிய லாயத்தில் வேப்பிலை மூட்டம் போடுவது வேண்டாம். புகை குதிரையின் நுரையீரலுக்குக் கேடு.

பேனும் அழுக்கும்

குதிரைப் பேன் மாட்டுக்கோ மனிதருக்கோ பரவாது; குதிரைக்குக் குதிரை பரவும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி பிரஷ், தனிச் சேண விரிப்பு வைக்க வேண்டும். மருந்தில் ஈறு சாகாது என்பதால் சுமார் 2 வாரம் கழித்து இரண்டாம் முறையும் மருந்திட வேண்டும்.

புழுவும் இல்லை, பேனும் இல்லை, ஆனாலும் வாலைத் தேய்க்கிறது என்றால் ஆண் குதிரையின் குறி உறையையும், பெண் குதிரையின் மடிக் காம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே மெழுகு போன்ற அழுக்கு சேர்ந்தால் சொறிய வழியில்லாமல் குதிரை வாலைத் தேய்க்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவிவிட்டால் போதும்.

செய்யக்கூடாதவை

மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்கு ஒருபோதும் தெளிக்கக்கூடாது. குதிரையின் குடல் இயக்கத்தை அது நிறுத்திவிடும். வயிற்று வலி கண்டு குதிரை இறக்கவும் நேரிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் குதிரைக்குப் போடலாகாது. குதிரைக்கென வாயில் கொடுக்கும் பசை மருந்து தனியாகக் கிடைக்கிறது. கழிவு எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவை தோலை வேகவைத்துவிடும். ஸ்டீராய்டு மருந்து அரிப்பை உடனே அடக்கும். ஆனால் சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சியைக் கொண்டுவரும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

உடனடி ஆறுதல்

குளிர்ந்த நீரால் வாலடியையும் பிடரியையும் நனைப்பது அரிப்பைத் தணிக்கும். வேலை முடிந்ததும் சேணத்தின் கீழும், வாலடி வாரின் கீழும் உள்ள வியர்வையைக் கழுவ வேண்டும். சோப்பு போட்டால் சிறிதும் எஞ்சாமல் அலச வேண்டும். புண் இல்லாத இடத்தில் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவலாம். புண் இருந்தால் அதைச் சுத்தம் செய்து ஈ மொய்க்காமல் காத்து, ரண ஜன்னித் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து பொருக்கு கட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது வளர்ப்பவருக்கும் ஒட்டும். தொட்ட கையை உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

காரணம் நீங்கிய பின்னும் வால் மயிர் பழையபடி வளரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். தினமும் குதிரையைத் துடைக்கும்போது வாலைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிட்டால், இத்தொல்லையைத் தொடக்கத்திலேயே கண்டு தடுத்துவிடலாம்.