முறிந்த முழங்காலின் எதிர்காலம்

குளிக்கும் அறையில் ஈரம் வழுக்கிற்று, பாட்டி விழுந்துவிட்டாள். வீட்டிலுள்ளோர் ஓடிவந்து தூக்கி உட்கார வைக்கிறார்கள். முழங்கால் பூசணிக்காய் போல் வீங்குகிறது. “வெறும் சுளுக்குத்தான், பற்றுப் போட்டால் சரியாய்ப் போய்விடும்” என்கிறார் ஒருவர். “ஐயோ! முழங்கால் முறிந்துவிட்டால் இனி ஆயுள் முழுவதும் படுக்கைதானே!” என்று கண்ணீர் விடுகிறார் இன்னொருவர். இவ்விரண்டு பேச்சுமே தவறானவை. முன்னது அசட்டை, பின்னது அளவு கடந்த அச்சம். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த உண்மையை அளந்து காட்டியதில் கானடா தேசத்தின் ஒண்டேரியோ மாகாணத்து வைத்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முறிவு இருக்கக்கூடுமா, இருந்தால் அது எத்தகையது, அதனால் பிற்காலத்தில் என்ன நேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரே மாகாணத்திலிருந்து விடை கிடைத்திருக்கிறது.

படம் பிடிக்க வேண்டியது யாருக்கு?

முழங்காலில் அடிபட்ட எல்லோருக்கும் எலும்பு முறிந்திருப்பதில்லை. ஆகையால் எக்ஸ்ரே படம் யாருக்கு அவசியம் என்று நிர்ணயிக்க, ஆட்டவா நகரத்து வைத்தியர் அயன் ஸ்டீல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1995-ஆம் ஆண்டில் சில விதிகளை வகுத்தார்கள். அவை ஐந்து: வயது 55 அல்லது அதற்கு மேல் இருத்தல், முழங்காற் சில்லில் மட்டும் தொட்டால் வலித்தல், கணைக்காலின் வெளிப்புறத்துச் சிற்றெலும்பின் தலைப்பில் வலித்தல், முழங்காலை 90 பாகை மடக்க முடியாமை, அடிபட்டவுடனும், பிறகு ஆஸ்பத்திரியிலும், நான்கு அடி எடுத்து வைக்க இயலாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் பிடித்துப் பார்ப்பதே முறை. நம் பாட்டிக்கு வயது ஒன்றே போதும். பற்றுப் போட்டுக் காத்திருப்பதற்கு இடமில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாதம் வெளிறிக் குளிர்ந்து போனாலும், விரல்கள் மரத்துப் போனாலும், வலி நேரத்துக்கு நேரம் பொறுக்க முடியாதபடி ஏறிக்கொண்டே போனாலும், ரத்தக் குழாய்க்குச் சேதம் ஏற்பட்டிருக்கலாம். அல்லது தசைக்குள் வீக்கம் இறுகிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திரிகையின் அடிக்கல்

கணைக்கால் எலும்பின் மேல்முனை ஒரு மேடை போன்றது. தொடையெலும்பு அதன் மீது அமர்ந்து உடலின் பாரத்தை இறக்குகிறது. மேடையின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. திரிகையின் அடிக்கல்லில் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டால் என்ன ஆகும்? மேல்கல் சாய்ந்து, ஒரே இடத்தில் தேய்க்கத் தொடங்கும். முழங்காலின் கதையும் அதுவே. எலும்பு தானே கூடும் சக்தி உள்ளது. ஆனால் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் இல்லாமையால், சிதைந்த பாகம் பழைய நிலைக்கு வருவது அரிது.

இம்மேடை முறியும் விதங்களை டொராண்டோ நகரத்து ரண வைத்தியர் ஜோஸப் ஷாட்ஸ்கர் 1979-இல் ஆறு வகையாகப் பிரித்து எழுதினார். முதல் மூன்றும் மேடையின் வெளிப்புறத்தைப் பற்றியவை: பிளவு, பிளவுடன் அமுங்கல், அமுங்கல் மட்டும். நான்காவது உட்புறத்தைச் சேர்ந்தது. ஐந்தாவதில் இரு புறமும் உடைகின்றன. ஆறாவதில் மேடையே எலும்பின் தண்டிலிருந்து பிரிந்து விடுகிறது. எக்ஸ்ரேயில் சிறு கீறலாகத் தெரிவது, ஸி.டி. ஸ்கானில் ஆழ்ந்த பள்ளமாகத் தெரியக்கூடும். ஆதலால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முன் ஸ்கான் எடுப்பது வழக்கமாகியிருக்கிறது.

துண்டுகள் இடம் பெயராவிட்டால், கட்டுப் போட்டுச் சில வாரங்கள் காலில் பாரம் ஏற்றாமல் இருந்தாலே போதுமானதாகலாம். மேடை அமுங்கியிருந்தாலோ கால் கோணியிருந்தாலோ, தாழ்ந்த பாகத்தை உயர்த்தி, வேண்டுமானால் அதன் கீழுள்ள வெற்றிடத்தை எலும்பால் நிரப்பி, தகடும் திருகாணியும் வைத்து நிறுத்துகிறார்கள்.

பத்து ஆண்டுக் கணக்கு

அதன் பிறகு? 1996 முதல் 2009 வரை ஒண்டேரியோவில் இம்முறிவுக்கு ரண சிகிச்சை பெற்ற 8,426 பேரின் கணக்கை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வயது முதலியவற்றில் அவர்களை ஒத்த, இம்முறிவு நேராத 33,698 பேருடன் ஒப்பிட்டும் பார்த்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்கள், முறிவுற்றோரில் நூற்றுக்கு 7.3, மற்றவர்களில் 1.8. அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வயது ஏறியவர்களுக்கும், மேடையின் இரு புறமும் உடைந்தவர்களுக்கும், வேறு நோய்கள் பல உள்ளவர்களுக்கும் அது மேலும் அதிகம்.

“ஐந்து மடங்கு” என்று கேட்டுத் திடுக்கிட வேண்டாம். நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பத்து ஆண்டு வரை தங்கள் சொந்த மூட்டுடனேயே இருந்தார்கள் என்பதும் அதே கணக்குத்தான். ஆனால் அலட்சியமும் கூடாது. இது சிகிச்சையை எண்ணிய கணக்கேயன்றி, வலியை எண்ணிய கணக்கன்று. மூட்டு மாற்றாமலே நொண்டிக்கொண்டிருப்பவர் இதில் சேரார். பத்து ஆண்டுகளுக்குப் பின் நேர்வதும் இதில் இல்லை.

செயற்கை மூட்டும் பயங்கரமானதன்று. நூற்றுக்குச் சுமார் 82 மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கின்றன என்று 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. எனினும் பழைய தழும்பும் தகடும் உள்ள காலில் அச்சிகிச்சை சற்றுக் கடினமானது. புண்ணில் கிருமி தொற்றும் அபாயமும் அதிகம். இளவயதினருக்கோ, வைத்த மூட்டைப் பின்னால் மறுபடி மாற்ற வேண்டியும் வரலாம். ஆகவே முதல் மூட்டைக் காப்பாற்றுவதே விவேகம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வீடுகளில் எல்லோரும் வைத்தியரிடம் கேட்பது, “எலும்பு கூடிவிட்டதா?” என்ற ஒரே கேள்விதான். எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். கேட்க வேண்டியவை வேறு மூன்று. மேடை சமமாக இருக்கிறதா? கால் நேராக இருக்கிறதா? மூட்டு ஆட்டங்காணாமல் நிற்கிறதா? இவற்றிற்குக் கிடைக்கும் விடையில்தான் மூட்டின் எதிர்காலம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

மற்றது நம் கையில் உள்ளது. ஊன்றக்கூடாது என்ற காலத்தில் ஊன்றாமலும், மடக்கச் சொன்ன காலத்தில் வலிக்கு அஞ்சி மடக்காமல் விடாமலும் இருக்க வேண்டும். தொடைத் தசையைப் பயிற்சியால் வலுப்படுத்த வேண்டும். உடல் பருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கத் தொடங்கிய பிறகும் வைத்தியர் குறித்த நாளில் போய்க் காட்ட வேண்டும்.

பாட்டி மறுபடியும் கோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து வரும் நாள் வீட்டுக்குத் திருநாள்தான். ஆனால் அன்றோடு கவனிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அடுத்த பத்து ஆண்டும் அவள் அதே காலால் நடக்க வேண்டுமல்லவா?