பூத்த மரத்தின் கீழே நடப்போம்



உயிர்ப்புக் காலத்தின் ஒரு காலைப் பொழுது. முதல் திருப்பலியை நிறைவேற்றிவிட்டுக் குருநகர்க் கடற்கரை வீதி வழியே நடந்து வந்துகொண்டிருந்தேன். இரவுத் தொழிலுக்குச் சென்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழே பழைய சேலையொன்றை விரித்து, உதிரும் பூக்களை வடகத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார் வயது முதிர்ந்த தாய் ஒருவர். என்னைக் கண்டதும் படலையடிக்கு வந்து, தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ரொறன்ரோவில் வாழும் மகன் அனுப்பியது. இலை ஒன்றுகூட இல்லாத மரங்கள். கிளையெங்கும் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள். அவற்றின் கீழே குழந்தையைத் தோளில் சுமந்தபடி மகன்.

“சுவாமி, இந்தப் பூ எத்தினை நாளைக்கு நிக்கும்?”

“பத்து நாள் நின்றாலே பெரிய காரியம், அம்மா.”

“பத்து நாள் பூவைப் பார்க்கவோ இவன் வேலையையும் விட்டிட்டுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனவன்?” என்று வியந்தவர், தம் வேம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “நான் இந்த மரத்தை வடகத்துக்குத்தான் பார்க்கிறனான். சும்மா நிண்டு பார்த்ததில்லை.”

அந்தச் சொல் அன்று முழுவதும் என்னோடு நடந்து வந்தது. நாமும் அப்படித்தானே? பயன் கருதிப் பார்க்கிறோம்; வெறுமனே நின்று பார்ப்பதற்கு நமக்கு நேரமில்லை.

பூவைக் காண நடக்கும் மக்கள்

அந்தப் படத்தில் இருந்தவை செர்ரி மரங்கள். யப்பானியர் அவற்றைச் ‘சகுரா’ என்பர். அவை பூக்கும் நாள்களில் குடும்பம் குடும்பமாக மரத்தடிக்குச் சென்று நடப்பதும், அமர்ந்து உண்பதும் அவர்களது பழைமையான வழக்கம். கியோட்டோ நகரில் இம்மரங்கள் பூத்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் 1,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன. 2021ஆம் ஆண்டு மார்ச் 26இல் அங்கே பூக்கள் முழுமையாய் விரிந்தன. அத்தனை நூற்றாண்டுகளின் பதிவில் அதற்கு முன் அவ்வளவு விரைவாக அவை பூத்ததில்லை. பூமி வெப்பமடைவதை மனிதருக்கு முன்பே மரங்கள் அறிந்துகொள்கின்றன.

1912இல் டோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. 1959இல் டோக்கியோ மக்களின் பெயரால் ரொறன்ரோ மக்களுக்கு 2,000 மரங்கள் வழங்கப்பட்டன. ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் அந்நகரின் ஹை பார்க் பூங்காவில் திரளாக நடந்து செல்வோரிடையே இன்று நம் உறவுகளும் இருக்கின்றனர்.

இம்மரத்தின் இயல்பில் நமக்கொரு பாடம் உண்டு. இளவேனிலில் விரியும் பூவின் மொட்டு, அதற்கு முந்திய கோடையிலேயே கிளையில் உருவாகிவிடுகிறது. எனினும் உடனே மலர்வதில்லை. குளிர்காலத்தின் கடுமையைப் போதிய நாள்கள் தாங்கிய பின்னரே அது உறக்கம் கலைந்து விழிக்கும். குளிர் போதாத ஆண்டில் பூவும் குறையும். நம் மண்ணில் செர்ரி பூக்காததன் காரணமும் இதுவே. நாற்பது நாள் தவத்தையும் பெரிய வெள்ளியையும் கடந்தே உயிர்ப்பு ஞாயிறுக்கு வருகின்ற நமக்கு, இந்த மொட்டின் பொறுமை புரியாததன்று.

நடந்து கண்ட ஆண்டவர்

உயிர்ப்பு நிகழ்ந்தது ஒரு தோட்டத்தில். மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே முதலில் எண்ணினார். அன்று மாலையில் எம்மாவு நோக்கி இருவர் நடந்தனர். உயிர்த்தவர் அவர்களோடு சேர்ந்து நடந்தார். இந்நிகழ்வை நினைவுகூர்ந்து ஒஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் உயிர்ப்புக்கு அடுத்த திங்களன்று வயல்வெளிகளில் உலாப் போவதுண்டு. அதற்கு ‘எம்மாவு நடை’ என்றே பெயர்.

நம் குருநகரின் பாதுகாவலரான புனித யாகப்பரும் நடப்போரின் புனிதரே. ஸ்பெயின் நாட்டில் அவரது கல்லறை அமைந்த ஆலயத்தை நோக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நடந்துகொண்டேயிருக்கின்றனர்.

நடந்து பார்த்தால் நம் ஊரிலும் காட்சிக்குக் குறைவில்லை. முள்முருக்கு, செர்ரியைப் போலவே, இலை உதிர்ந்த வெறுங்கிளையில் செந்நிறமாய்ப் பூக்கிறது. பங்குனி, சித்திரையில் வேம்பு சிறு வெண்பூக்களைச் சொரிகிறது. கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுகிறது. வேலியோரத்துப் பூவரசம்பூ காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையில் சிவந்து வாடுகிறது. முன்பு கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற எத்தனையோ வேலிகள் மதில்களாகிவிட்டன. மதில் பூப்பதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

நடக்க இயலாதவர் நட்ட மரங்கள்

செர்ரிப் பூக்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுபவர் மருத்துவர் தகாஷி நகாய். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கவியல் மருத்துவராகப் பணியாற்றியவர். 1934இல் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். பணியின்போது பட்ட கதிர்வீச்சினால் இரத்தப் புற்றுநோய் அவரைப் பற்றியிருப்பது 1945 ஜூனில் தெரியவந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்கு அந்நகரின் மீது அணுகுண்டு வெடித்தது. உரக்காமிப் பேராலயத்தில் மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக மக்கள் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்த வேளை அது. ஆலயம் இடிந்தது, உள்ளே இருந்தோர் மாண்டனர். தம் வீட்டின் சாம்பலில் மனைவி மிதோரியின் எலும்புகளையும், உருகிப்போன அவரது செபமாலையையும் நகாய் கண்டெடுத்தார்.

1946இல் அவர் படுத்த படுக்கையானார். தாயற்ற இரு பிள்ளைகளோடு சிறு குடிலொன்றில் கிடந்தபடியே நூல்கள் எழுதினார். 1948இல், எழுத்தால் கிடைத்த பணத்தில் ஆயிரம் செர்ரிக் கன்றுகளை வாங்கி, உரக்காமியின் ஆலயத்துக்கும் பாடசாலைகளுக்கும் தெருக்களுக்கும் வழங்கினார். சாம்பல் மேடு மலர்க் குன்றாக வேண்டும் என்பதே அவரது விருப்பம். 1951 மே 1ஆம் நாள் இறந்தார். அந்த மரங்கள் வளர்ந்து நிழல் தந்தபோது அவற்றின் கீழே அவர் நடக்கவில்லை. பிறர் நடப்பதற்காகவே அவற்றைக் கொடுத்தார். பேராலயமும் 1959இல் மீண்டும் எழுந்தது.

அன்புக்குரியவர்களே, குருநகர் மக்களுக்கு இந்தக் கதை அந்நியமானதா? 1993 நவம்பர் 13ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் நம் புனித யாகப்பர் ஆலயம் சிதைந்ததையும், இறைமக்கள் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை. அப்போது நான் பாடசாலைச் சிறுவன். அந்த ஆலயமும் மீண்டும் எழுந்து நிற்கிறது.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் நகாயின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு, “தொண்ணூற்றைஞ்சில ஊரை விட்டுப் போனனாங்கள், சுவாமி. மற்ற வரியம் சித்திரையில திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை. இந்த வேம்பு மட்டும் நிறையப் பூத்துக்கொண்டு நிண்டது. அதைக் கண்ட பிறகுதான் உள்ளுக்குக் காலடி வைச்சனான். உதை எப்பிடி மறந்தன்?” என்றார்.

வடகத்துக்கு மட்டுமே பார்த்த மரம் என்று அவர் சொன்னது முழு உண்மையன்று. ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறார், வாழ்வின் மிகக் கடினமான நாளில். அன்றாடக் கவலைகள் அந்தப் பார்வையை மூடிவிட்டிருந்தன. வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பாருங்கள் என்று ஆண்டவர் நமக்குச் சொன்னதும், நாளைய உணவையும் உடையையும் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஆறுதலாகத்தான்.

உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள்கள். அவற்றுள் ஒரு மாலையை, தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடும் முதியோரோடும் ஒரு நடைக்குக் கொடுங்கள். பூத்த மரமொன்றின் கீழே சற்று நில்லுங்கள். அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதனை நட்டவர் யாரென்று தெரிந்தால் அவருக்காகச் செபியுங்கள். நடக்க இயலாதவர் வீட்டில் இருந்தால், ஒரு பூங்கொத்தை அவரிடம் கொண்டுசெல்லுங்கள். மாரி மழை தொடங்கும்போது, மதிலோரமாயினும் ஒரு கன்றை நடுங்கள். அதன் நிழலில் நடக்கப்போகிறவர் இன்னும் பிறவாதவராக இருக்கலாம்.

அந்தத் தாயின் வடகம் இப்போது ரொறன்ரோ சேர்ந்திருக்கும். இம்முறை பொதியோடு ஒரு படமும் போயிருக்கிறது: பூத்த வேம்பின் கீழே நிமிர்ந்து நிற்கும் அவரது படம்.

உயிர்த்த ஆண்டவர் உங்கள் நடையில் உடன் வருவாராக!