வேகமாகப் பறந்தும் ஏந்தல் இழக்கும் விமானம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும், பட்டம் விடும் சிறுவர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. சூத்திரக் கயிற்றின் மேற்கால் நீண்டுவிட்டால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிற்கும். நூல் விண்ணென்று இழுக்குமேயன்றிப் பட்டம் உயர ஏறாது. விமான இறகுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. எதிர்க்காற்றுக்கு ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் இறகு நிமிருமாயின், அதன் மேற்பரப்பைத் தழுவியோடும் காற்று பிரிந்து சிதறும். தூக்குவிசை சட்டெனக் குறையும்.

ஆங்கிலத்தார் இதனை ‘ஸ்டால்’ என்பர். மோட்டார் வண்டிக்கும் அச்சொல்லே வழங்குவதால், இயந்திரம் நின்றுபோதல் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். அது பிழை. ‘ஏந்தல் இழப்பு’ என்றால் மாணவர்க்கு மயக்கம் இராது. வேகம் குறைந்தால்தான் இது நேரும் என்பதும் அரை உண்மையே. நேராகப் பறக்கையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஏந்தல் இழக்கும் மாதிரி விமானத்தைச் சடுதியில் மேல்நோக்கி இழுத்து, இறகின்மீது நான்கு மடங்கு பாரம் ஏற்றினால், அது 80 கி.மீ. வேகத்திலேயே ஏந்தல் இழக்கும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அன்றோ! தரையிறங்கத் திரும்பும்போது இதை மறந்து உயிரிழந்த விமானிகள் பலர்.

ஆபத்தான இதனையே வித்தையாக்கியதுதான் ‘ஸ்நாப் ரோல்’ எனும் சொடுக்குச் சுழற்சி. வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானப் போட்டிகளில் இது கடினமான ஒன்று. முதலில் வால் உயர்த்தியை இழுத்து மூக்கை வெடுக்கென நிமிர்த்த வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் கழித்துச் சுக்கானை ஒரு பக்கம் திருப்பி, இறகு மடலையும் அப்பக்கமே சாய்க்க வேண்டும். இடப்புறம் திருப்பினால் இட இறகு பின்தங்கி, மிகுதியாக ஏந்தல் இழந்து தாழும். வல இறகில் தூக்குவிசை ஓரளவு எஞ்சியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வே விமானத்தைச் சுழற்றுகிறது. சுழற்சி பிடித்ததும் உயர்த்தியைச் சற்றே தளர்த்தினால் வேகம் கூடும்.

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3ஏ பிரிவில் நடுவர் முதலில் பார்ப்பது மூக்கு நிமிர்வதைத்தான். அஃதின்றி மடலால் மட்டும் உருட்டினாலும், பீப்பாய் உருள்வதுபோல் அகன்று சுற்றினாலும், பத்தில் ஐந்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் போய்விடும். நிற்குமிடம் பிசகினால் 15 பாகைக்கு ஒரு புள்ளி குறையும். ஆதலின் சுற்று முடியுமுன்பே விசைகளை விடுவிக்க வேண்டும். எவ்வளவு முன்பு என்பது விமானத்துக்கு விமானம் வேறுபடும். அதனை ஏட்டில் எழுதிக் காட்ட இயலாது, கைதான் பழக வேண்டும்.