ஸ்லைடு மாறும்போது படம் வழுக்கிக்கொண்டு நகர்வது எப்படி? பவர்பாயின்ட் ‘மார்ஃப்’ பற்றி முழு விளக்கம்

செமினார் ஹாலில் ஒரு மாணவி பிபிடி போடுகிறார். முதல் ஸ்லைடில் காவிரியின் முழு வரைபடம். அடுத்த கிளிக்கில் அந்த வரைபடம் அப்படியே பெரிதாகி, மேட்டூருக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு கிளிக், கல்லணை. பின் வரிசையில் இருப்பவர்கள் ‘இது ஏதோ வீடியோ எடிட்டிங்’ என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அங்கே வீடியோவே கிடையாது. மூன்று ஸ்லைடு, ஒரு பட்டன். அவ்வளவுதான்.

அந்த பட்டனுக்குப் பெயர் ‘மார்ஃப்’. மைக்ரோசாஃப்ட் இதை 2015 நவம்பரில், ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்காகக் கொண்டு வந்தது. பிறகு பவர்பாயின்ட் 2019 பதிப்பிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சேர்ந்தது. சரி, இது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரிவிடும் என்று பார்க்கலாம்.

அனிமேஷன் வேறு, டிரான்சிஷன் வேறு

பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே ஸ்லைடுக்குள் ஒரு படமோ வரியோ பறந்து வருவது, மறைவது எல்லாம் அனிமேஷன். ஒரு ஸ்லைடு போய் அடுத்த ஸ்லைடு வரும் அந்த இடைவெளியில் நடப்பது டிரான்சிஷன். பவர்பாயின்ட்டில் இரண்டுக்கும் மேலே தனித்தனி டேப் உண்டு. மார்ஃப் இருப்பது ‘டிரான்சிஷன்ஸ்’ டேப்பில். ‘அனிமேஷன்ஸ்’ டேப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மற்ற டிரான்சிஷன்கள் பழைய ஸ்லைடை மொத்தமாக ஒரு படமாக எடுத்துக்கொண்டு மங்க வைக்கும், தள்ளும், கிழிக்கும், காகித விமானமாக மடித்துப் பறக்கவிடும். (கடைசியில் சொன்னதை ஆபீஸ் மீட்டிங்கில் போடாமல் இருப்பது நல்லது.) மார்ஃப் அப்படி இல்லை. ஸ்லைடுக்குள் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதல் ஸ்லைடில் ஒரு வட்டம் இடது ஓரத்தில் சிறியதாக இருக்கிறது. இரண்டாவது ஸ்லைடில் அதே வட்டம் வலது பக்கம், பெரியதாக, வேறு நிறத்தில் இருக்கிறது. ‘இது இரண்டும் ஒன்றுதான்’ என்று பவர்பாயின்ட் கண்டுபிடித்துவிட்டால், நடுவில் வரவேண்டிய இடம், அளவு, நிறம், சாய்வு எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு நிரப்பிவிடும்.

கையால் கார்ட்டூன் வரைந்த காலத்திலும் இதே முறைதான். முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைவார், நடுவில் வரும் படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். இங்கே நீங்கள் மூத்த ஓவியர், பவர்பாயின்ட் உதவியாளர்.

இன்னொரு விஷயத்தையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஸ்டாப்பில் நிற்கும் பஸ் எடுத்த எடுப்பிலேயே 60 கி.மீ. வேகத்தில் போகாது. மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, அடுத்த ஸ்டாப் வரும்போது மெதுவாகும். அப்படி இல்லாமல் சடாரென்று கிளம்பி சடாரென்று நின்றால் நிற்பவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். திரையிலும் அப்படித்தான். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-ல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்கு 12 விதிகளைச் சொன்னார்கள். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிப்பது அதில் ஒன்று. மார்ஃப் அதைத் தானாகவே செய்கிறது. நாம் ‘ஸ்மூத்தா இருக்கு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நம்ம ஸ்லைடில் செய்வது எப்படி?

முதல் ஸ்லைடைத் தயார் செய்யுங்கள். இடது பக்கம் வரிசையாகத் தெரியும் சிறிய படங்களில் அந்த ஸ்லைடை ரைட் கிளிக் செய்து ‘டூப்ளிகேட் ஸ்லைடு’ கொடுங்கள். புதிதாக ஒரு ஸ்லைடு எடுத்து எல்லாவற்றையும் மறுபடி வரையாதீர்கள். நகல் எடுத்தால்தான் இரண்டிலும் இருப்பது ஒரே பொருள் என்று பவர்பாயின்ட்டுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

இப்போது இரண்டாவது ஸ்லைடில் மட்டும் கை வையுங்கள். வரைபடத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குங்கள். ஸ்லைடின் எல்லையைத் தாண்டி வெளியே போனாலும் பரவாயில்லை, வெளியே இருப்பது ஸ்லைடு ஷோவில் தெரியாது. மேட்டூர் நடுவில் வருகிற மாதிரி நகர்த்தி வையுங்கள். பிறகு அதே இரண்டாவது ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து ‘டிரான்சிஷன்ஸ்’ போய் ‘மார்ஃப்’ அழுத்துங்கள். கவனிங்க, முதல் ஸ்லைடுக்கு அல்ல, வந்து சேரும் ஸ்லைடுக்குத்தான் கொடுக்கணும்.

இப்படிப் பெரிதாக்கும்போது படம் மங்கலாகத் தெரிந்தால் காரணம் இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்த சிறிய படத்தைப் போட்டிருப்பீர்கள். இன்னொன்று, ஃபைலை சேவ் செய்யும்போது பவர்பாயின்ட் தானாகவே படங்களைச் சுருக்கியிருக்கும். ‘ஃபைல் - ஆப்ஷன்ஸ் - அட்வான்ஸ்டு’ பகுதியில், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற ஒரு டிக் இருக்கிறது. படத்தைச் சேர்ப்பதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.

நேரம் பொதுவாக 2 நொடி என்று வரும். பக்கத்திலேயே இருக்கும் ‘டியூரேஷன்’ கட்டத்தில் மாற்றலாம். எங்கள் கணக்கில் சின்ன நகர்வுக்கு 1 நொடி போதும், வரைபட ஜூமுக்கு ஒன்றரை. 2 நொடிக்கு மேல் போனால் பேசுபவர் ஸ்லைடுக்காகக் காத்திருக்க வேண்டி வரும்.

இரண்டு ஆச்சரியக்குறி தந்திரம்

சில நேரம் பவர்பாயின்ட்டுக்கு எது எதுவாக மாறுகிறது என்று புரியாது. ஒரு சதுரம் வட்டமாக மாற வேண்டும் என்று நினைப்பீர்கள். அதுவோ சதுரத்தை மறைய வைத்து வட்டத்தைத் தனியாகக் கொண்டு வரும். ஒரே மாதிரி ஐந்து வட்டங்கள் இருந்தால் ஆள்மாறாட்டமே நடக்கும்.

இதற்கு வழி, நாமே பெயர் வைப்பது. ஆல்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் ‘செலக்‌ஷன் பேன்’ வலது பக்கம் திறக்கும். ஸ்லைடில் உள்ள எல்லாப் பொருட்களின் பெயரும் அங்கே வரிசையாக இருக்கும். பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி வைத்து, ‘!!அணை’ என்கிற மாதிரி மாற்றுங்கள். அடுத்த ஸ்லைடில் அது எதுவாக மாற வேண்டுமோ அதற்கும் எழுத்து மாறாமல் அதே பெயர். இப்போது சதுரம் வட்டமாக மாறும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. படம் படத்தோடும், வடிவம் வடிவத்தோடும்தான் சேரும். பார் சார்ட், பை சார்ட் போன்றவை மார்ஃபில் உருமாறாது, ஒன்று மங்கி இன்னொன்று வரும், அவ்வளவுதான். வளர்கிற பார் வேண்டுமென்றால் செவ்வகங்களை நீங்களே வரைய வேண்டும். கொஞ்சம் வேலைதான், ஆனால் நாலைந்து பார் என்றால் செய்துவிடலாம்.

எழுத்துகளை மார்ஃப் செய்ய ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ உள்ளே மூன்று தேர்வு இருக்கிறது: பொருளாக, சொல் சொல்லாக, எழுத்து எழுத்தாக. தமிழில் எழுதியிருந்தால் சொல் சொல்லாக நகர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கொம்பும் காலும் சேர்ந்து ஒரு எழுத்தாகிற மொழியில், ஒவ்வொரு எழுத்தும் தனியாகப் பறந்தால் படிப்பவருக்கு எதுவும் நிற்காது.

ஆறு வளையும், மார்ஃப் வளையாது

முதலில் சொன்ன காவிரிக்கு வருவோம். வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஓடவிட நினைக்கிறீர்கள். முதல் ஸ்லைடில் குடகில் புள்ளி, இரண்டாவதில் கடலோரத்தில் புள்ளி, நடுவில் மார்ஃப். என்ன நடக்கும்? புள்ளி ஆற்றை விட்டுவிட்டு, நேர்கோட்டில் மலை, காடு, ஊர் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மார்ஃபுக்கு நேர்வழி மட்டும்தான் தெரியும்.

வழி இருக்கிறது. ஆறு திரும்பும் இடங்களில் எல்லாம் ஒரு ஸ்லைடு வையுங்கள். கிருஷ்ணராஜ சாகர், ஒகேனக்கல், மேட்டூர், பிறகு தெற்கே இறங்கி பவானி, அங்கிருந்து கிழக்கே திரும்பி கரூர் பக்கம், திருச்சி, கல்லணை, பூம்புகார். ஒவ்வொன்றிலும் புள்ளி ஓர் அடி முன்னே. இங்கே ஒரு சிக்கல் வரும். ஒவ்வொரு துண்டிலும் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்பதால், புள்ளி டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போகும். அணைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் அது நல்லதுதான், நிற்கும் இடத்தில் பேசிக்கொள்ளலாம். தடையில்லாத ஒரே ஓட்டம் வேண்டுமென்றால் மார்ஃபை விட்டுவிட்டு ‘அனிமேஷன்ஸ்’ டேப்பில் உள்ள ‘மோஷன் பாத்’ எடுங்கள். ‘கஸ்டம் பாத்’ தேர்ந்தெடுத்து ஆற்றின் மேலேயே மவுஸால் கோடு இழுத்தால் புள்ளி அந்தக் கோட்டில் போகும். அதன் ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஸ்மூத் ஸ்டார்ட்’, ‘ஸ்மூத் எண்ட்’ இரண்டையும் 0 ஆக்கினால் வேகம் கடைசி வரை ஒரே சீராக இருக்கும்.

இதெல்லாம் அலங்காரத்துக்கு மட்டும்தானா?

இல்லை. நம் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. 1997-ல் ரொனால்ட் ரென்சிங்கும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே படத்தின் இரண்டு வடிவங்கள், சிறிய வித்தியாசத்தோடு மாறி மாறி வரும். நடுவில் கண நேரத்துக்கு வெற்றுத்திரை. அந்த வெற்றுத்திரை வந்ததும், கண் முன்னால் இருக்கும் பெரிய மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்க மக்கள் திணறினார்கள். ஸ்லைடு பட்டென்று மாறும்போதும் இதே கதைதான். ‘என்ன மாறிச்சு?’ என்று தேடுவதிலேயே கேட்பவரின் கவனம் செலவாகிவிடும்.

பொருள் நம் கண் முன்னாலேயே நகர்ந்தால் கண் அதைப் பின்தொடரும். ஜெஃப்ரி ஹீர், ஜார்ஜ் ராபர்ட்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வரைபடத்திலிருந்து இன்னொரு வகை வரைபடத்துக்கு அனிமேஷனோடு மாறும்போது பார்ப்பவர்கள் தரவை நன்றாகப் பின்தொடர்ந்தார்கள் என்று காட்டினார்கள். ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006 டெட் மேடையில் நாடுகளைக் குமிழ்களாக்கி, வருடம் வருடமாக நகரவிட்டது உலகம் முழுக்கப் பரவியதற்கும் இதுதான் காரணம். எந்தக் குமிழ் எங்கிருந்து எங்கே போனது என்பது யாருக்கும் தவறவில்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏதாவது உண்மையிலேயே இடம் மாறுகிறதா, வளர்கிறதா, பிரிகிறதா? ஆமாம் என்றால் மார்ஃப். வெறும் அடுத்த தலைப்புக்குப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

பவர்பாயின்ட் இல்லாதவர்கள்?

ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு ‘கீநோட்’ இருக்கிறது. அதில் இதே வசதி ‘மேஜிக் மூவ்’ என்ற பெயரில் 2009-லேயே வந்துவிட்டது. அதாவது மார்ஃபுக்கு 6 வருடம் முன்பே. கேன்வாவில் ‘மேட்ச் அண்ட் மூவ்’ என்று தேடுங்கள், நகல் எடுத்து நகர்த்துகிற அதே முறைதான். கூகுள் ஸ்லைட்ஸில் மார்ஃப் மாதிரியான டிரான்சிஷன் இல்லை, மங்குவது, புரள்வது போன்ற சாதாரண வகைகள்தான் உண்டு. மார்ஃப் போட்ட ஃபைலை அதில் ஏற்றித் திறந்தால் அந்த நகர்வை எதிர்பார்க்காதீர்கள்.

மேடையில் சொதப்பும் இடங்கள்

வீட்டு லேப்டாப்பில் பளபளவென்று ஓடியது, கல்லூரி ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரில் காணாமல் போகலாம். மார்ஃப் தெரியாத பழைய பதிப்பில் அது வெறும் ‘ஃபேடு’ ஆகிவிடும். படங்கள் எல்லாம் இருக்கும், நகர்வு மட்டும் இருக்காது. நகர்வை நம்பி ‘இப்ப பாருங்க, எப்படிப் போகுதுன்னு’ என்று பேசத் தயாராகியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வைவாவில் மார்க் போவது இப்படித்தான். முதல் நாளே அந்த அறையின் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய பதிப்பு என்றால், இன்டர்நெட் இருக்கும் இடத்தில் ஃபைலை ஒன்டிரைவில் ஏற்றி பிரவுசர் வழியாகத் திறந்து ஓட்டலாம். இல்லையென்றால் ‘ஃபைல் - எக்ஸ்போர்ட் - கிரியேட் எ வீடியோ’ மூலம் எம்பி4 ஆக்கி எடுத்துப் போகலாம். வீடியோவில் கிளிக் கிடையாது. ஒரு ஸ்லைடுக்கு 5 நொடி என்று அதுவே வைத்துக்கொள்ளும். நீங்கள் பேசும் நேரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது நிறுத்தி நிறுத்தி ஓட்டப் பழகுங்கள்.

ஃபைலை பழைய ‘பிபிடி’ வடிவில் சேவ் செய்யாதீர்கள், ‘பிபிடிஎக்ஸ்’ தான் வேண்டும். பிடிஎஃப் ஆக்கினால் எந்த அசைவும் வராது.

ஜூம் மீட்டிங்கில் உங்கள் திரையில் ஸ்மூத்தாக ஓடுவது, எதிரில் இருப்பவருக்குத் திக்கித் திக்கிப் போகும். திரையைப் பகிரும்போது வீடியோ கிளிப்புக்கு ஏற்ப மாற்றும் ஒரு டிக் வரும். அதைப் போட்டால் அசைவு ஓரளவு சீராகும், ஆனால் சின்ன எழுத்துகள் மங்கலாம். எழுத்துதான் முக்கியம் என்றால் அந்த டிக்கைத் தொட வேண்டாம்.

தலை சுற்றுபவர்களும் பார்க்கிறார்கள்

2013-ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 7 வந்தபோது, ஆப் திறக்கும் ஒவ்வொரு முறையும் திரை ஜூம் ஆவதைப் பார்த்துக் குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். அதே வருடம் அக்டோபரில் வந்த அப்டேட்டில், ‘ரெட்யூஸ் மோஷன்’ போட்டால் ஜூமுக்குப் பதில் வெறும் மங்கல் வரும்படி ஆப்பிள் மாற்றியது. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பில் பிரச்சினை இருப்பவர்களுக்கு, உடல் அசையாமல் கண் முன்னால் மட்டும் பெரிய திரை முழுக்க நகர்வது உண்மையிலேயே தொந்தரவு.

உங்கள் போன் ஸ்கிரீனில் சாதாரணமாகத் தெரியும் ஜூம், ஹால் புரொஜெக்டரில் 10 அடி அகலத்துக்கு ஓடும்போது அப்படி இருக்காது. முழுப் பின்னணியும் நகர்கிற, சுழல்கிற மார்ஃபை ஒரு பிரசன்டேஷனில் இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்துங்கள். மற்ற இடங்களில் பின்னணி அசையாமல் ஒரு பொருள் மட்டும் நகரட்டும். தலைப்பு மாறும் ஸ்லைடுகளுக்கு அரை நொடி ‘ஃபேடு’ போதும்.