மின்சார வாகனங்களுக்கான மேலவைத் தெரிவுக் குழு (ஆஸ்திரேலியா)

மின்சார வாகனங்களுக்கான மேலவைத் தெரிவுக் குழு என்பது ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அவை 2018 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமைத்த தற்காலிக விசாரணைக் குழு ஆகும். தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சுயேச்சை உறுப்பினர் டிம் ஸ்டோரர் இதன் தலைவராக இருந்தார். குழு தனது அறிக்கையை 2019 ஜனவரி இறுதியில் அவையில் அளித்தது. ஆஸ்திரேலியாவின் கரிம விலைச் சட்டம் 2014 இல் நீக்கப்பட்ட பின்னர், சாலைப் போக்குவரத்தின் உமிழ்வைக் குறைக்க வேறு வழிகள் உண்டா என்ற கேள்வியை நாடாளுமன்றம் விரிவாக ஆராய்ந்த தருணங்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி: கரிம விலையிடல்

நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவுக்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் விதிப்பதே கரிம விலையிடல் எனப்படும். மாசு செய்வதற்குச் செலவு உண்டு என்றானால், ஆலைகளும் மக்களும் குறைவாக மாசு செய்யும் வழிகளைத் தாமே தேடுவர் என்பது இதன் அடிப்படை.

2010 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பசுமைக் கட்சி, சுயேச்சை உறுப்பினர்கள் ஆகியோரின் ஆதரவுடன் ஜூலியா கில்லார்ட் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தது. அதே ஆண்டில் பலகட்சித் தட்பவெப்பநிலை மாற்றக் குழு என்ற குழு அமைக்கப்பட்டது. முறைப்படி இது ஓர் அமைச்சரவைக் குழு; எனினும் பசுமைக் கட்சியினரும், டோனி வின்ட்சர், ராப் ஓக்‌ஷாட் ஆகிய சுயேச்சைகளும் இதில் அமர்ந்தனர். எதிர்க்கட்சிக் கூட்டணி சேர மறுத்தது. பொருளியலாளர் ராஸ் கார்னோ உள்ளிட்ட வல்லுநர்கள் ஆலோசனை வழங்கினர்.

இக்குழு வகுத்த திட்டம் 2011 ஜூலையில் வெளியிடப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சட்டமாயிற்று. 2012 ஜூலை 1 முதல் டன் ஒன்றுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் என்ற விலை நடைமுறைக்கு வந்தது. விலையேற்றத்தைக் குடும்பங்கள் தாங்கும் பொருட்டு, வருமான வரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தப்பட்டது.

பெட்ரோலுக்கு அளிக்கப்பட்ட விலக்கு

இத்திட்டத்தில் குடும்பங்கள் பயன்படுத்தும் கார்களின் எரிபொருளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சுயேச்சைகள் இருவரும் நாட்டுப்புறத் தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பொதுப் போக்குவரத்து அரிதாக உள்ள ஊர்களில் நெடுந்தூரம் கார் ஓட்டுவோர் மீது சுமை கூடும் என்ற கவலை வலுவாக இருந்தது. அவர்களது வாக்குகள் இன்றிச் சட்டம் நிறைவேறியிருக்காது.

இவ்விலக்கின் அளவை ஓர் எளிய கணக்கினால் அறியலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. டன்னுக்கு 23 டாலர் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 5.3 சென்ட் ஆகும். அக்காலத்தில் பெட்ரோல் மீதான ஆயத் தீர்வை லிட்டருக்கு 38 சென்ட்டாக இருந்தது. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் செலவிடும் கார் ஒன்று ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுமாயின் 1,200 லிட்டர் தேவை. அதற்கான கரிமக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 63 டாலர் மட்டுமே. புதிய மின்சாரக் கார், அதற்கு இணையான பெட்ரோல் காரைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதல் விலைக்கு விற்ற காலம் அது. ஆகவே பெட்ரோலுக்கு விலக்கு அளிக்காதிருந்தாலும், 23 டாலர் விலை மட்டும் மக்களை மின்சாரக் கார்களின் பக்கம் திருப்பியிருக்காது.

விலக்கினால் மற்றொரு முரண்பாடும் தோன்றியது. மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓடச் சுமார் 18 யூனிட் மின்சாரம் வேண்டும் எனக் கொள்வோம். அம்மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து, யூனிட்டுக்கு ஒரு கிலோகிராம் உமிழ்வுடன் பெறப்பட்டால், மொத்த உமிழ்வு 18 கிலோகிராம். மேற்கூறிய பெட்ரோல் காரின் உமிழ்வு 18.4 கிலோகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மின்நிலையங்கள் கரிம விலை செலுத்தின; கார் பெட்ரோலுக்கு அக்கட்டணம் இல்லை. அதாவது மின்கட்டமைப்பிலிருந்து மின்னேற்றப்பட்ட கார் கரிம விலையைச் சுமந்தது. பெட்ரோல் கார் சுமக்கவில்லை. காற்றாலை அல்லது நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தைப் பயன்படுத்தினால் ஓட்டத்தின்போதான உமிழ்வு மிகவும் குறைந்துவிடும். எனவே மின்வாகனக் கொள்கையும் மின் உற்பத்திக் கொள்கையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

டோனி ஆபட் தலைமையிலான கூட்டணி 2013 தேர்தலில் வென்ற பின், 2014 ஜூலை 17 அன்று கரிம விலைச் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அதே திட்டத்தின் பகுதியாகத் தோன்றிய தூய ஆற்றல் நிதிக் கழகம், ஆஸ்திரேலியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை ஆகியவை தொடர்ந்து இயங்கின.

குழுவின் தோற்றமும் பணியும்

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் 2016 இலும், டொயோட்டா, ஹோல்டன் நிறுவனங்கள் 2017 இலும் கார் உற்பத்தியை நிறுத்தின. ஹோல்டனின் கடைசி ஆலை தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் நகரில் இருந்தது. 2017 இல் நாட்டில் விற்பனையான புதிய வாகனங்களில் மின்சார வாகனங்களின் பங்கு ஏறத்தாழ 0.2 விழுக்காடு மட்டுமே. இச்சூழலில் பின்வருவனவற்றை ஆராயுமாறு குழு பணிக்கப்பட்டது:

* மின்சார வாகனங்கள் பரவலாவதால் விளையும் பொருளாதார, சுற்றுச்சூழல், சமூக நன்மைகள்
* உள்நாட்டில் மின்சார வாகனங்களையும் உதிரிப் பாகங்களையும் தயாரிக்கும் வாய்ப்புகள்
* பயன்பாட்டை விரைவுபடுத்தவும் உற்பத்தியை ஈர்க்கவும் தேவையான நடவடிக்கைகள்
* நடுவண் அரசும் மாநில, ஆட்புல அரசுகளும் இணைந்து செயல்படும் முறைகள்

செனட் தெரிவுக் குழு ஒன்று குறிப்பிட்ட ஒரு பொருளை ஆராய்ந்து, அறிக்கை அளித்தபின் கலைந்துவிடும். முதலில் பொதுமக்களிடமிருந்தும் அமைப்புகளிடமிருந்தும் எழுத்து வடிவில் கருத்துரைகள் பெறப்படும். பின்னர் பொது விசாரணைகள் நடைபெறும். அமைச்சகச் செயலர்களும் தொழில் அமைப்பினரும் ஆய்வாளர்களும் ஒரே மேசையின் முன் கேள்விகளுக்கு விடையளிப்பர். சொன்னவை அனைத்தும் சொல்லுக்குச் சொல் பதிவாகும். சாட்சியம் கூறுவோருக்கு நாடாளுமன்றச் சிறப்புரிமையின் பாதுகாப்பு உண்டு. உடன்படாத உறுப்பினர்கள் தம் மாற்றுக் கருத்தை அறிக்கையில் இணைக்கலாம்.

எனினும் குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. மேலவைக் குழு அறிக்கைகளுக்கு அரசு மூன்று மாதங்களுக்குள் மறுமொழி தரவேண்டும் என்பது மரபு. அதை ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம்.

பரிந்துரைகள்

தேசிய மின்வாகன உத்தி ஒன்றை வகுக்க வேண்டும் என்பது குழுவின் முதன்மைப் பரிந்துரை. நடுவண், மாநில அரசுகளின் பணிக்குழு ஒன்றை அமைத்தல், கார்கள், சிறு வணிக வாகனங்கள், நகரப் பேருந்துகள் ஆகியவற்றுக்குத் தேசிய இலக்குகள் நிறுவுவதைப் பரிசீலித்தல், அரசு வாங்கும் வாகனங்களில் மின்வாகனங்களுக்கு இலக்கு வைத்தல், மின்னேற்று நிலையங்களைத் திட்டமிட்டு அமைத்தல் போன்றவையும் இடம்பெற்றன. உற்பத்தித் துறை, தொழிற்பயிற்சி ஆகியவற்றைப் பற்றியும் அறிக்கை பேசியது.

அரசு வாகனங்களைப் பற்றிய பரிந்துரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அரசு வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிய கார்கள் பின்னர் பழைய கார்ச் சந்தைக்கு வருகின்றன. புதிய காரின் விலையைத் தர இயலாத குடும்பங்களுக்கு அவையே மலிவான மின்சாரக் கார்களாகும்.

அறிக்கைக்குப் பின்

அறிக்கை வெளியான சில வாரங்களிலேயே மின்சார வாகனம் தேர்தல் விவாதப் பொருளாயிற்று. 2030 ஆம் ஆண்டில் விற்பனையாகும் புதிய கார்களில் பாதி மின்சாரக் கார்களாக இருக்க வேண்டும் என்ற இலக்கைத் தொழிற்கட்சி 2019 ஏப்ரலில் அறிவித்தது. இது ஆஸ்திரேலியரின் வார இறுதி உல்லாசங்களுக்கே முடிவு கட்டும் என்று பிரதமர் ஸ்காட் மாரிசன் எள்ளினார். மே மாதத் தேர்தலில் கூட்டணி மீண்டும் வென்றது. ஸ்டோரரின் பதவிக்காலம் 2019 ஜூன் 30 அன்று முடிவுற்றது.

2022 மே மாதம் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த பின் நிலைமை மாறியது. பணியாளர்களுக்கு நிறுவனங்கள் வழங்கும் மின்சாரக் கார்களுக்கு, 2022 ஜூலை 1 முதல் செல்லுபடியாகும் வகையில் சலுகைப்பயன் வரி விலக்கு அளிக்கப்பட்டது. தேசிய மின்வாகன உத்தி 2023 ஏப்ரலில், அதாவது குழுவின் அறிக்கைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், வெளியாயிற்று. 2024 மே மாதம் புதிய வாகனத் திறன் தரச் சட்டம் நிறைவேறியது. இதன்படி ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் விற்கும் கார்களின் சராசரி உமிழ்வு, கிலோமீட்டருக்கு 2025 இல் 141 கிராம் என்பதிலிருந்து 2029 இல் 58 கிராமாகக் குறைய வேண்டும். வரம்புக்குக் கீழே நிற்கும் நிறுவனம் அலகுகளை ஈட்டும். வரம்பை மீறும் நிறுவனம் அவ்வலகுகளை விலைக்கு வாங்கி ஈடுசெய்யலாம். இவ்வகையில், பெட்ரோல் நிலையத்தில் விதிக்க இயலாமற்போன கரிம விலை, வாகன இறக்குமதியாளர்களிடையே வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

சாலைக் கட்டணச் சிக்கல்

பெட்ரோல் தீர்வை கரிம உமிழ்வுக்காக விதிக்கப்பட்டதன்று. ஆயினும் அதை மிகுதியாகச் செலுத்துவோர் மிகுதியாக உமிழ்வோரே. மின்சாரக் கார் ஓட்டுவோர் அதைச் செலுத்துவதில்லை. மின்சாரக் கார்கள் பெருகப் பெருக அரசின் வருவாய் குறையும். இதை ஈடுகட்ட விக்டோரியா மாநிலம் 2021 ஜூலை முதல் மின்சாரக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் கட்டணம் விதித்தது. 2023 அக்டோபர் 18 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அக்கட்டணத்தைச் செல்லாததாக்கியது. அரசியலமைப்பின் 90 ஆம் பிரிவின்படி இத்தகைய தீர்வையை விதிக்கும் அதிகாரம் நடுவண் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் நீதி சார்ந்த கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது. பழைய பெட்ரோல் காரில் தொலைதூரம் வேலைக்குச் செல்பவர் சாலைகளுக்காகத் தீர்வை செலுத்துகிறார். புதிய மின்சாரக் கார் வாங்கும் வசதியுள்ளவர் செலுத்துவதில்லை. மறுபுறம், சந்தை வளரும் முன்பே கட்டணம் விதித்தால் வளர்ச்சி தடைப்படும் என்ற வாதமும் உண்டு. 2011 இல் பெட்ரோலுக்கு விலக்கு பெற்றுத் தந்ததும் இதே வகைக் கவலைதான்.

மதிப்பீடு

பின்னாளில் வந்த சட்டங்களுக்கு இக்குழுவே காரணம் என்று கூற இயலாது. ஆட்சி மாற்றமும், மின்கல விலை வீழ்ச்சியும், பன்னாட்டுச் சந்தையின் போக்கும் அவற்றில் பங்கு கொண்டன. ஆயினும் தேசிய உத்தி போன்ற யோசனைகள், அரசு அவற்றை ஏற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னரே சான்றுகளுடன் நாடாளுமன்றப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தன. மின்சாரம், எரிபொருள், சாலை ஆகிய மூன்றுக்குமான விலைகளைத் தனித்தனியே முடிவு செய்யும்போது ஒன்றின் பயனை மற்றொன்று குறைக்கக்கூடும் என்பதற்கும் ஆஸ்திரேலியாவின் இப்பட்டறிவு எடுத்துக்காட்டாக உள்ளது.