ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி

வீட்டில் சின்னதாக மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் அடுத்து எந்த மெஷின் வாங்குவது என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம். டேபிள் சா, ரூட்டர், டிரில் பிரஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கூடவே வரும் ஸ்பேனர், காலெட், பிளேடு, சக் சாவி, பாதுகாப்புக் கவசம், தள்ளுகட்டை எல்லாம் பழைய பெயின்ட் வாளிக்கோ அட்டைப்பெட்டிக்கோ போய்விடுகின்றன. இவற்றுக்கு இடம் செய்வதை, நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற அலங்கார வேலையாகவே பலர் நினைக்கிறார்கள். அது மெஷினை நிறுவும் வேலையிலேயே ஒரு பகுதி, அது முடியாதவரை மெஷின் ஓடத் தயாராகவில்லை என்பது என் கட்சி.

டேபிள் சாவையே எடுத்துக்கொள்வோம். அதன் பிளேடு பட்டு அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைவதாகவும், சுமார் 4 ஆயிரம் பேர் விரல் போன்ற உறுப்பை இழப்பதாகவும் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனைக்கும் கவசம் மெஷினோடுதான் வருகிறது. பலகையில் காடி எடுக்கும்போது பிளேடு மேலே வெளிவராமல் மரத்துக்குள்ளேயே ஓட வேண்டும். அதற்காகக் கவசத்தைக் கழற்றியாக வேண்டும். காடி எடுத்தாயிற்று. கவசம் எங்கே? பெஞ்சுக்கு அடியில், நாலு பலகைக்குப் பின்னால் கிடக்கிறது. 'ஒரே ஒரு வெட்டுதானே' என்று அடுத்த பலகை கவசமில்லாமலே உள்ளே போகிறது. இதில் அறியாமை எதுவும் இல்லை. குனிந்து தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கவசத்துக்கான கொக்கி ஸ்விட்ச்சைப் போடும்போது கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். தள்ளுகட்டையும் அப்படித்தான், ஓடும் பிளேடுக்கு மேலாகக் கையை நீட்டாமல் எடுக்க முடிகிற பக்கத்தில் அது நிற்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் தனி இடம் என்றானபின் இன்னொரு நன்மையும் வருகிறது: காலியிடம் தகவல் சொல்லும். டிரில் பிரஸ்ஸின் சக் சாவி தன் துளையில் இல்லையென்றால், அது சக்கிலேயே மாட்டியிருக்கலாம். மோட்டாரைப் போட்டால் தெறித்து முகத்துக்கு வரும். விமானப் பராமரிப்புக் கூடங்களில் கருவியின் வடிவத்திலேயே ஸ்பாஞ்சைக் குடைந்து வைப்பது இதற்காகத்தான். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் இன்ஜினுக்குள் விட்டுவிட்டோமா என்று தேடிய பிறகே விமானத்தை விடுவார்கள். பணியிடத்தை ஒழுங்காக வைத்திருக்கும் 5எஸ் முறை பழகிய கார் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, கருவியின் நிழலை வரைந்த பலகை புதிதல்ல. வீட்டில் மட்டும் ஏன் வேண்டாம்?

ரூட்டர் பிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அதன் வெட்டுமுனை டங்ஸ்டன் கார்பைடு. நன்றாகக் கடினமானது, ஆனால் இன்னொரு முனையோடு மோதினால் விளிம்பு சிதறும். டிராயரில் ஒன்றாகப் போட்டு இழுத்து மூடும்போதெல்லாம் காசு போகிறது. ஆகவே கட்டையில் துளையிட்டு நிறுத்த வேண்டும். 6 மி.மீ. தண்டுக்கு 6.5 மி.மீ. துளை சரி. அதைவிட இறுக்கினால் மழைக்காலத்தில் கட்டை ஊதி பிட்டைப் பிடித்துக்கொள்ளும், வெட்டுமுனையைப் பிடித்து முறுக்கும் விரல் அறுபடும். பிட்டுகளை வடிவம் பார்த்து அடுக்குவதே வழக்கம். நான் தண்டின் அளவைப் பார்த்து அடுக்கச் சொல்வேன். நம் கடைகளில் 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும், அதாவது 6.35 மி.மீ., இரண்டும் கிடைக்கின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கால் அங்குலத் தண்டைப் பிடிக்கும் காலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டால் சரியான பிடி இருக்காது. நிமிடத்துக்கு 20 ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது வழுக்கி வெளியே வரும். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரிசை, வரிசையின் தலையில் அதற்குரிய காலெட் என்று வைத்தால் இந்தத் தவறுக்கு வழியே இல்லை.

திறந்து வைத்தால் தூசி படியும், கடலோர ஊர்களில் துரு பிடிக்கும் என்பார்கள். நியாயம்தான். பிட்டும் பிளேடும் ஆழமில்லாத டிராயருக்குள் போகட்டும், கொஞ்சம் மெஷின் ஆயிலும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் துணைக்கு இருக்கட்டும். பூட்டும் போடலாம், குழந்தைகள் உள்ள வீட்டில் போட்டே ஆக வேண்டும். கவசம், தள்ளுகட்டை, சாவி ஆகியவற்றுக்கு லேசான துரு ஒரு பொருட்டல்ல, மறைவுதான் கேடு. இடம் போதாது என்பது அடுத்த குறை. அமெரிக்கப் பியானோ கைவினைஞர் ஹென்றி ஸ்டட்லி ஏறத்தாழ 300 கருவிகளை ஒரு சுவர்ப் பெட்டிக்குள் அடுக்கினார். உலகமே அதைப் பார்த்து வியக்கிறது, நானும் வியக்கிறேன். ஆனால் அதில் ஓர் அடுக்கைத் திறந்தால்தான் பின் அடுக்குக்குக் கை போகும். கவசத்தை அப்படி மறைத்து வைக்க முடியாது. இடம் குறைவு என்றால் அரிதாகத் தொடும் சாமான் பரணுக்குப் போகட்டும்.

இன்றைக்குச் செய்தது நாளைக்கு வாங்கும் சாமானுக்குப் பொருந்தாது என்ற தயக்கமும் உண்டு. பசை போடாமல் ஸ்க்ரூவில் முடுக்குங்கள், சுவரில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுங்கள், போதும். இதற்கெல்லாம் 12 மி.மீ. பிளைவுட்டின் வெட்டுத்துண்டுகளே தாராளம், தனியாகப் பலகை வாங்க வேண்டியதில்லை. புது மெஷினுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முன், இருக்கும் மெஷினின் கவசத்தை எடுத்துத் துடைத்து, ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். டிராயர்களை அடுத்த மாதம் செய்துகொள்ளலாம்.