மொஹஞ்சதாரோவின் சாக்கடையைத் தூர்வாரியது யார்?

திரையில் தெரிவது மொஹஞ்சதாரோ. இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், லர்க்கானா பக்கம் இருக்கிறது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். 1922-இல் ராக்கல்தாஸ் பானர்ஜி இங்கே தோண்டத் தொடங்கினார். 1924-இல் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார்.

இந்த ஊரைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் காட்டுவது பெருங்குளத்தை. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நீர் கசியாமலிருக்கச் செங்கல் சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால், குளத்தை விட்டுவிட்டுத் தெருவோரம் போக வேண்டும்.

ஒரு சாதாரண வீட்டின் குளியலறையைப் பாருங்கள். செங்கற்களை இடைவெளி தெரியாமல் அடுக்கிய தரை. ஒரு மூலையை நோக்கி இலேசான சரிவு. குளித்த தண்ணீர் அந்த மூலைக்கு ஓடி, சுவரில் விட்ட துளை வழியாகத் தெருவுக்கு வருகிறது. மாடியிலிருந்து வருவதற்குச் சுடுமண் குழாய்கள் இருந்தன. வெளியே வந்த கழிவுநீர் பல இடங்களில் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழுகிறது. கசடு அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு வழிந்து போகிறது. சாக்கடைக்குச் செங்கல்லாலோ கல்லாலோ மூடி. அந்த மூடிகளை வேண்டும்போது பெயர்த்து எடுக்கலாம்.

எதற்காகப் பெயர்க்க வேண்டும்? 1927 முதல் 1931 வரை இங்கே அகழாய்வு நடத்திய எர்னஸ்ட் மெக்கே ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதி வைத்தார். சாக்கடைகளின் ஓரத்தில் சின்னச் சின்ன மணல் குவியல்கள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். யாரோ மூடியைத் தூக்கி, அடைத்திருந்த தூரை வாரி ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். போட்டது அப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்திருக்கிறது.

இந்த ஊரில் தோண்டியெடுத்த பொருள்களிலேயே மிக முக்கியமானது இந்தத் தூர்மண் என்று தாராளமாகச் சொல்லலாம். சாக்கடை கட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அது அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆள் வேண்டும், முறை வைக்க வேண்டும், வாரியதை அள்ளிக்கொண்டு போக ஓர் ஏற்பாடு வேண்டும். மொஹஞ்சதாரோவில் அது பல நூறு ஆண்டுகள் நடந்திருக்கிறது. கடைசிக் காலத்தில் நின்றும் போயிருக்கிறது. மேல் அடுக்குகளில் பெரிய வீடுகள் தடுத்துத் தடுத்துச் சிறு வீடுகளாகின்றன, தெருவிலேயே சூளை போடுகிறார்கள், சாக்கடைகளைக் கவனிப்பாரில்லை.

குடிநீருக்குக் கிணறுகள். மொஹஞ்சதாரோவில் 700 கிணறுகளுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்பது ஜெர்மன் ஆய்வாளர் மைக்கேல் யான்சனின் கணக்கு. வட்டம் பிசகாமல் வர, ஒருபக்கம் குறுகிய செங்கற்களைத் தனியாகவே வார்த்திருக்கிறார்கள். தெரு மட்டம் உயர உயரக் கிணற்றுச் சுவரையும் உயர்த்திக்கொண்டே வந்ததால், சுற்றிலும் மண்ணை அகற்றிய பிறகு இன்று அவை கோபுரம் போல எழுந்து நிற்கின்றன.

மழை குறைந்த கட்ச் பகுதியில் வேறு வழி தேடினார்கள். அங்குள்ள சிந்துவெளி நகரமான தோலாவிராவில் மன்சர், மன்ஹர் என்று இரண்டு காட்டாறுகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும். அவற்றைத் தடுப்பணை கட்டி மறித்து, பாறையைக் குடைந்தும் கல் அடுக்கியும் அமைத்த நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். 2021-இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை. அதனால் அந்த மக்கள் என்ன விதி வைத்திருந்தார்கள் என்பதைச் செங்கல்லைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். எழுத்தில் வந்த விதிகளுக்குப் பல நூற்றாண்டுகள் தள்ளி வர வேண்டும். கௌடில்யர் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் அபராதப் பட்டியலே இருக்கிறது. தெருவில் குப்பை கொட்டினால் அரைக்கால் பணம். சேறும் தண்ணீரும் தேங்கவிட்டால் கால் பணம். ராஜவீதி என்றால் இரட்டிப்பு. செத்த பூனையையோ நாயையோ ஊருக்குள் போட்டால் 3 பணம், மாடு குதிரை என்றால் 6 பணம், மனிதப் பிணம் என்றால் 50 பணம். நீர்நிலையருகே அசுத்தம் செய்தாலும் தண்டம் உண்டு. ஆனால் நோயாலோ, மருந்து சாப்பிட்டதாலோ, பயத்தாலோ ஒருவர் அடக்க முடியாமல் போய்விட்டால் அபராதம் கிடையாது. சட்டம் எழுதியவர் மனித உடம்பை அறிந்தவர்.

வைத்திய நூல்களும் இதே கவலையைப் பேசுகின்றன. காற்று, நீர், நிலம், பருவம் ஆகிய நான்கும் கெட்டால், வெவ்வேறு உடல்வாகு உள்ளவர்களும் ஒரே சமயத்தில் ஒரே நோயில் விழுவார்கள் என்று சரக சம்ஹிதை ஓர் அத்தியாயம் முழுக்க விளக்குகிறது. தண்ணீரைக் காய்ச்சு, வெயிலில் வை, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதில் போடு என்பது சுசுருத சம்ஹிதை. கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டையையும் அது சொல்கிறது. நம் கிராமங்களில் பானையின் உள்பக்கம் தேய்த்தார்களே, அதே கொட்டைதான். அதிலுள்ள சில பொருள்கள் மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கின்றன. தெளிந்த நீரில் கிருமி இருக்காது என்று அர்த்தமில்லை, காய்ச்சியே ஆக வேண்டும்.

நம் முன்னோர் நோய் நொடியில்லாமல் வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு சிந்துவெளி நகரமான ஹரப்பாவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு தொழுநோய்க்கும் காசநோய்க்கும் தடயங்களைக் காட்டியது. நகரம் சரிந்த காலத்தில் தொற்றுநோய் கூடியிருந்ததும் அந்த எலும்புகளில் தெரிகிறது.

அந்தப் பச்சை மணலை வாரியவர் யார், அவருக்கு என்ன கூலி, என்ன மரியாதை? மொஹஞ்சதாரோவின் வீதிகளில் அதற்கு எந்தத் தடயமும் இல்லை. பிற்காலத்தில் இந்த வேலை சாதியின் பெயரால் சிலர் தலையில் மட்டும் கட்டப்பட்டது. இந்தக் கொடுமையை விட்டுவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைப் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடை செய்கிறது. முதல்முறை மீறினாலே 2 ஆண்டுகள் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ கிடைக்கும். அப்படியிருந்தும் விஷவாயு தாக்கி உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில், உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரையாவது அப்படி இறக்கினால் தடுத்து நிறுத்துங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே புகார் கொடுங்கள்.